மூடி மறைத்த விவகாரம் எங்கே பிடிபடுகிறது? வடசென்னையில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ராயபுரம் நிருபர்:

அரசாங்கம் மறைத்த ஒன்றை வெளியே கொண்டுவர வேண்டுமானால் உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டும், அவர் ராத்திரியில் ஃபைலோடு வந்து சந்திக்க வேண்டும் என்றுதான் இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வடசென்னையில் பல வருஷம் செய்தி சேகரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இங்கே வெடித்த பெரிய விவகாரங்கள் அப்படி வரவில்லை. ஒரு சர்க்கார் காகிதம் இன்னொரு சர்க்கார் காகிதத்தோடு ஒத்துப்போகாத இடத்தில்தான் பிடிபட்டன.

2020 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். சென்னையிலேயே தொற்றில் ராயபுரம் மண்டலம்தான் முன்னால் நின்றது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவே இல்லை. சாயங்காலமானால் சுகாதாரத் துறையின் புல்லட்டின் வரும். அதில் போட்டிருக்கும் சாவுக் கணக்குதான் மறுநாள் தலைப்பு. ஆனால் புல்லட்டின் போடுவது மாநில அரசின் பொதுச் சுகாதாரத் துறை. சாவைப் பதிவு செய்வது மாநகராட்சி. செய்தியாளர்கள் மாநகராட்சிப் பதிவில் கோவிட் என்று இருந்த சாவுகளை எடுத்தார்கள். புல்லட்டினில் ஒவ்வொரு சாவுக்கும் வயது, ஆணா பெண்ணா, எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று இருக்கும். இரண்டையும் வரி வரியாகப் பொருத்திப் பார்த்தார்கள். 200-க்கும் மேற்பட்டவர்கள் புல்லட்டினில் இல்லவே இல்லை.

மறைக்க எதுவுமில்லை என்றுதான் அரசுத் தரப்பு முதலில் சொன்னது. பிறகு கமிட்டி போட்டார்கள். ஜூலை 22-ம் தேதி, சென்னையில் மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை விட்டுப்போன 444 சாவுகள் ஒரே நாளில் கணக்கில் ஏறின. 444 குடும்பம். அதுவரைக்கும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர்கள் வீட்டில் அந்தச் சாவு கோவிட் சாவே இல்லை.

ஆபீஸில் வேலை பார்த்தவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், ஆற்றோரம் குடியிருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

காசிமேடு பையன்:

அண்ணே, நான் இப்போதான் இதழியல் இரண்டாம் வருஷம். அமெரிக்காவின் வாட்டர்கேட் விவகாரத்தில் உள்ளே ஆள் இருந்தாரே? அவர் இல்லாமல் அதிபர் நிக்ஸன் இறங்கியிருப்பாரா? போஃபர்ஸ் பீரங்கி பேர ஊழலிலும் ஸ்வீடனில் ஒருத்தர் கொடுத்ததாகத்தான் படித்தேன்.

ராயபுரம் நிருபர்:

தம்பி, நல்ல கேள்வி. இருந்தார், இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயில் இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட். அவர் யார் என்பதே 2005-ல்தான் ஊருக்குத் தெரியும். ஆனால் 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர்கள் வுட்வர்டும் பெர்ன்ஸ்டீனும் எழுதியதில் ஆரம்பத்தில் ஆட்டத்தையே மாற்றியது எது தெரியுமா? 25,000 டாலர் காசோலை ஒன்று. நிக்ஸனின் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த பணம், 1972 ஜூன் 17 ராத்திரி எதிர்க்கட்சி ஆபீஸில் புகுந்து பிடிபட்டவர்களில் ஒருத்தன் வங்கிக் கணக்கில் போய் விழுந்திருந்தது. இங்கேயும் இரண்டு காகிதம்தான். பிரசாரக் குழு வசூலித்த பணம், திருடன் கணக்கில் வரவு. உள்ளே இருந்த ஆள் பெரும்பாலும் செய்தது, நீ போகிற பாதை சரி என்று உறுதி சொன்னது. 1972 ஆகஸ்டில் வந்த செய்திக்கும் 1974 ஆகஸ்டில் நிக்ஸன் பதவி விலகியதற்கும் நடுவில் முழுசாக இரண்டு வருஷம்.

போஃபர்ஸும் அப்படித்தான். 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி முதலில் சொன்னது. சித்ரா சுப்ரமணியமும் என். ராமும் 'தி இந்து'வில் அதை நிற்க வைத்தது ஆவணங்களால். அந்த ஆவணங்களைக் கொடுத்த ஸ்வீடன் போலீஸ் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம், தான்தான் அது என்று தானே வெளியே சொன்னது 2012-ல். 25 வருஷம் அந்தப் பெயர் நிருபர் வாயிலிருந்து வரவில்லை. ஆள் கிடைத்தால் அவரைக் காப்பாற்றுவது எப்படி என்பதை அந்த 25 வருஷத்தில் படித்துக்கொள். ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் உட்கார்ந்துவிடாதே.

பழைய ரெஜிஸ்டர்:

வணக்கம். மாநகராட்சி மண்டல அலுவலகம் ஒன்றில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வேலையின் உள்விவகாரம் வெளியே பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் படிவம் 4 எழுதுவார். சாவுக்கான மருத்துவக் காரணம் அதில்தான் இருக்கும். மேலே உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதைக் கொண்டுவந்த காரணம், கடைசி வரியில் அடிப்படைக் காரணம். தனியாக இரண்டாம் பகுதியில் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு மாதிரி கூட இருந்த நோய்கள். முதல் வரியில் மூச்சுத் திணறல் என்றோ மாரடைப்பு என்றோ இருக்கலாம். ஆனால் புள்ளிவிவரம் எடுப்பது அடிப்படைக் காரணத்தை வைத்துத்தான். கோவிட்டை அடிப்படைக் காரணமாக எழுத வேண்டும், மற்ற நோய்களை இரண்டாம் பகுதியில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. அப்புறமும் 'அவருக்கு ஏற்கெனவே சிறுநீரகம் போயிருந்தது, இது கோவிட் சாவு இல்லை' என்று பேசினவர்கள் அந்தப் படிவத்தையே பார்க்காதவர்கள்.

அடுத்தது மயானம். மூலகொத்தளம், காசிமேடு, ஓட்டேரி எங்கே போனாலும் நீளமான பைண்டு நோட்டு ஒன்று இருக்கும். வரிசை எண், தேதி, இறந்தவர் பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், விலாசம், எங்கே இறந்தார், எரிப்பா அடக்கமா. கடைசிக் கட்டம் குறிப்பு. சாதாரண நாளில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். அந்த ஜூனில் நான் பார்த்த ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக அந்தக் கட்டம் நிரம்பியிருந்தது. எழுதின கை அவசரத்தில் முதலில் 'கோவிட் பாசிட்டிவ்' என்று முழுசாக எழுதியிருக்கிறது, கீழே போகப் போக 'கோ.பா.' ஆகி, கடைசியில் மேற்படி, மேற்படி என்று இரண்டு கோடு. எழுதினவர் ஒரு மயானப் பணியாளர். அவருக்கு அரசியல் தெரியாது. வந்த உடலை வந்தபடி எழுதினார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்த 444-ல் எத்தனை பேரை யார் தேடியிருப்பார்கள்?

நிருபர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பொருத்திப் பார்க்கும்போது பெயரை மட்டும் நம்பக்கூடாது. ஆஸ்பத்திரியில் 'முனியம்மாள்', ரேஷன் கார்டில் 'முனியம்மா', மயானத்தில் 'க/பெ' போட்டுக் கணவர் பெயர் மட்டும். வயதும் தேதியும் விலாசமும் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரே ஆள் என்று சொல்லலாம். இல்லாவிட்டால் ஒருவரையே இரண்டு தடவை எண்ணிவிடுவோம். அப்படி ஒரு பிழை கண்டுபிடித்தால் போதும், மொத்தச் செய்தியும் பொய் என்று சொல்லிவிடுவார்கள்.

பெரம்பூர் வாசகர்:

எல்லாரும் மறைத்தார்கள் மறைத்தார்கள் என்கிறீர்கள். அந்த நேரத்தில் ஆபீஸில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். தனியார் ஆஸ்பத்திரிகள் அறிக்கையை நேரத்துக்கு அனுப்பவில்லை. ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் தகவல் போகவில்லை. இதற்குப் பெயர் அலட்சியம், சதி இல்லை. கட்சிக்காரர்கள் ஊதிப் பெரிதாக்கியதை நிருபர்கள் சாதனை என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எதற்கெடுத்தாலும் சதி என்றால் உண்மையான சதி வரும்போது யார் நம்புவார்கள்?

ராயபுரம் நிருபர்:

சார், உங்கள் கடைசிக் கேள்வியை நான் மதிக்கிறேன். நானும் பையன்களிடம் முதலில் சொல்வது, சதியைத் தேடிப் போகாதே என்பதுதான். நூறில் தொண்ணூறு இடத்தில் சதி இருக்காது. சோம்பேறித்தனம் இருக்கும், பயம் இருக்கும், மேலே கெட்ட செய்தி சொன்னால் மாற்றல் வரும் என்ற கவலை இருக்கும்.

நான் தேடச் சொல்வது தேதி. அந்த அதிகாரிக்கு உண்மை எந்தத் தேதியில் தெரிந்தது? அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கை எந்தத் தேதி? முதல் தேதி முன்னால் இருந்தால் அங்கே மூடி மறைப்பு ஆரம்பித்துவிட்டது. அதுவரை அலட்சியம், அதற்கப்புறம் பொய். 1973-ல் வாட்டர்கேட் செனட் விசாரணையில் ஹோவர்ட் பேக்கர் என்பவர் கேட்ட கேள்வி இதுதான்: அதிபருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும்? பேக்கர் நிக்ஸனின் சொந்தக் கட்சி. இதை இன்றைக்கும் ஒவ்வொரு விவகாரத்திலும் கேட்கலாம்.

இங்கே வைத்துப் பாருங்கள். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்று இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கசியவில்லை என்ற தொனியில்தான் துறைமுகத் தரப்பு முதலில் பேசியது. அதற்குள் எர்ணாவூர் பாரதியார் நகர் பாறைகளுக்கு நடுவே எண்ணெய் தார் மாதிரி கெட்டியாக ஒதுங்கிவிட்டது. பம்ப் போட்டால் அடைத்துக்கொண்டது. மீனவர்களும் காலேஜ் பிள்ளைகளும் கடலோரக் காவல்படைக்காரர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். முதல் நாள் தெரியாமல் இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். இருட்டு, கடல், குழப்பம். ஆனால் கரையில் எண்ணெய் வந்த பிறகும் அளவைக் குறைத்துக் குறைத்துச் சொன்னார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

கொசஸ்தலைக்காரன்:

நாங்க கொசஸ்தலை ஆத்துல மீன் தொழில் பண்ற குடும்பம். அப்பா, தாத்தா எல்லாம் இதே ஆறு. எங்களுக்கு 'பாடு' முறை உண்டு, இன்னிக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர்னு முறை வச்சு வலை போடுவோம். அது எந்த ஆபீஸ்லயும் எழுதி வைக்கல. ஆனா ஆறு எங்க ஆழம், எங்க மேடுன்னு எங்களுக்குத் தெரியும்.

நிருபர் அண்ணன் ரெண்டு காகிதம்னு சொன்னாரு. எங்க கதையில ரெண்டு வரைபடம். 1991-ல கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்துச்சு. அதுக்கப்புறம் 1996-ல மத்திய அரசு ஒப்புதல் குடுத்த வரைபடத்துல எண்ணூர் கழிமுகம் முழுசா இருக்கு. அலை ஏறி இறங்குற நீர்நிலை, ஒண்ணும் கட்டக்கூடாதுன்னு. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) மனு போட்டு வாங்கின இன்னொரு வரைபடத்துல அந்தக் கழிமுகத்தையே காணோம். சுமார் 6,500 ஏக்கர் சார். 2017-ல இது வெளிய வந்துச்சு. ஆத்து மேல நின்னுக்கிட்டு 'இங்க ஆறு இல்ல'ன்னு காகிதம் சொல்லுது. காகிதத்துல ஆறு இல்லன்னா அங்க என்ன வேணா கட்டலாம்ல.

கட்டுறது ஒரு பக்கம். வடசென்னை அனல் மின் நிலையத்துல இருந்து செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குப் போற பைப் வருஷக்கணக்கா ஒழுகி சாம்பல் ஆத்துல எறங்கிடுச்சு. எங்க ஊர்ப் பொம்பளைங்க தண்ணில உக்காந்து கையால தடவி இறால் பிடிப்பாங்க. இப்ப தடவினா கையில சாம்பல் வருது. சுத்துச்சூழல் வழக்கைப் பார்க்குற பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல அந்தச் சாம்பலை அள்ளச் சொல்லி உத்தரவு போட்டுச்சு.

பெரம்பூர் சார் மாதிரி ஆளுங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது எங்க மீன் பிரச்சினை மட்டும் இல்ல. பூண்டி தண்ணி கொசஸ்தலையில வருது. புழல் நெறஞ்சா உபரித் தண்ணி சடையங்குப்பம் பக்கம் இதே ஆத்துல சேருது. கடலுக்குப் போற வாசல் எண்ணூர் முகத்துவாரம். அந்த வாசலைக் காகிதத்துல அழிச்சா வெள்ளம் யார் வீட்டுக்குப் போகும்? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்ப மணலியும் எர்ணாவூரும் பார்த்துச்சு.

அந்த வெள்ளத்தோட எண்ணெயும் வந்துச்சு. தண்ணி வடிஞ்ச அன்னிக்கு எங்க சொந்தக்காரங்க வீட்டுல போய் பார்த்தேன். உள் சுவத்துல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கருப்புக் கோடு, நூல் புடிச்சு வரைஞ்ச கணக்கா நாலு சுவத்துலயும். விரலால தேச்சா வழவழன்னு வருது, சோப்பு போட்டாலும் போகல. தண்ணி மட்டும் வந்திருந்தா சேறு கோடுதான் இருக்கும். சாமி படம், பீரோ, பிள்ளைங்க புஸ்தகம் எல்லாத்துலயும் அதே ஒசரம். எங்கயும் எண்ணெய் கசியலன்னு டிவில சொல்லிக்கிட்டு இருந்த நேரம் அது.

ராயபுரம் நிருபர்:

தம்பி எழுதியதற்கு நன்றி. மற்றவர்களுக்குத் தெரிய ஒன்று சேர்க்கிறேன். 2023 எண்ணெய் விவகாரத்தில் மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கும் சிபிசிஎல் நிறுவனம் தன் குழாய்களில் கசிவு இல்லை என்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நேரில் பார்த்துவிட்டு அந்த ஆலை வளாகத்திலிருந்து வெளியேறிய வெள்ளநீரைச் சுட்டியது. தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. எண்ணெய் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்ததாகக் கடலோரக் காவல்படை மதிப்பிட்டது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் வீதம் அரசு அறிவித்தது. ஒரு சீசன் தொழில் போன குடும்பத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்று ஆற்றோரம் கேளுங்கள். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சு முட்டி ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு.

அந்தச் சுவர்க் கோடு மிக முக்கியமான சாட்சி. எண்ணெய்க்கும் ரேகை உண்டு. அதில் உள்ள ஹைட்ரோகார்பன்களின் கலவையை ஆய்வகத்தில் ஒப்பிட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியும். வெள்ளையடிப்பதற்கு முன்னால் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், சுத்தமான கண்ணாடிக் குப்பியில் சுரண்டி எடுத்து மூடித் தேதி எழுதுங்கள், பக்கத்து வீட்டார் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். நிருபர் வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

தண்டையார்பேட்டை வக்கீல்:

நிருபர் சொல்லும் 'தேதி' விஷயத்துக்கு எங்கள் தொகுதியிலேயே ஒரு கதை உண்டு. ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2017 ஏப்ரல் 12 வாக்குப்பதிவு என்று இருந்தது. ஏப்ரல் 7 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் வீடு உட்படப் பல இடங்களில் வருமான வரிச் சோதனை. 89 கோடி ரூபாய் பட்டுவாடா கணக்கு என்று சொல்லப்பட்ட தாள்கள் டிவியில் ஓடின. சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். ஏப்ரல் 9 ராத்திரி தேர்தல் கமிஷன் தேர்தலையே ரத்து செய்தது. இதுவரை எல்லாருக்கும் தெரியும்.

தெரியாமல் போனது அதற்கப்புறம் நடந்தது. கமிஷன் சொல்லிப் போடப்பட்ட எஃப்ஐஆரில் யார் பெயரும் இல்லை. 2018 மார்ச்சில் அந்த எஃப்ஐஆரே ஐகோர்ட்டில் ரத்தானது. அது ரத்தான விஷயம் பொதுவெளிக்கு வந்தது அதே வருஷம் டிசம்பரில், வேறு வழக்கின் விசாரணையில். அதற்கெல்லாம் முன்பே 2017 டிசம்பர் 21-ல் மறுபடியும் தேர்தல் நடந்து முடிந்து எம்எல்ஏவும் உட்கார்ந்துவிட்டார். ஐகோர்ட் உத்தரவு என்ன ரகசியக் காகிதமா? சென்னையில் எத்தனை நிருபர்கள், எத்தனை டிவி. தாள் டிவியில் வந்த நாள் எல்லாரும் ஆர்.கே. நகரில் மைக்கோடு நின்றார்கள். வழக்கு என்ன ஆனது என்று மாதம் ஒரு தடவை தேடியிருந்தால் ஒன்பது மாதம் அது இருட்டில் கிடந்திருக்காது. இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். மூடி மறைக்கிறவர்கள் பெரும்பாலும் மூடுவதே இல்லை, நாம் வேறு பக்கம் திரும்பும்வரை காத்திருக்கிறார்கள்.

காசிமேடு தம்பிக்குச் சட்டத்தில் இரண்டு விஷயம். ஒன்று, தகவல் கொடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்பதற்கு இந்தியாவில் முழுப் பாதுகாப்பு கிடையாது. 1978 பிரஸ் கவுன்சில் சட்டம் 15(2) பிரிவு, கவுன்சில் முன்னால் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. கோர்ட்டுக்கு அது பொருந்தாது. அதனால் தகவல் கொடுத்தவர் பெயரைப் போனில், நோட்டில் எங்கும் எழுதாதே. இரண்டு, அவதூறு வழக்கு. அரசாங்கமே பத்திரிகை மேல் போட்ட பல அவதூறு வழக்குகளை 2020 மே மாதம் சென்னை ஐகோர்ட் ரத்து செய்தது. விமர்சனத்தைப் பொறுக்காமல் அரசு எடுத்தவுடன் கிரிமினல் அவதூறுக்குப் போகக்கூடாது என்பது அதன் சாரம். ஆனால் வழக்கு நடந்த வருஷங்களில் அந்த நிருபர்கள் கோர்ட் வாசலில் நின்ற நேரத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

பெரம்பூர் வாசகர்:

வக்கீல் சார் சொன்ன ஆர்.கே. நகர் விஷயம் யோசிக்க வைக்கிறது. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் நான் பத்திரிகைகள் மேல் கோபமாக இருக்கிறேன். வடசென்னை என்றால் ரவுடி, கத்தி, என்கவுன்ட்டர். அதற்கு முதல் பக்கம். என் வீட்டில் மழைக்காலத்தில் கருப்புத் தண்ணீர் வந்தால் அது மாநகரச் செய்தியில் நாலு வரி. அந்த ரெஜிஸ்டரைப் பொருத்திப் பார்க்கிற பொறுமை உள்ள நிருபர்கள் எத்தனை பேர்? அரசு விளம்பரம் நின்றுவிடும் என்று பயப்படாத முதலாளிகள் எத்தனை பேர்?

ராயபுரம் நிருபர்:

முதல் பக்கத்தைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்து கூட மாற்ற வேண்டியதில்லை சார். குற்றச் செய்தி அன்றைக்கே முடிந்துவிடும், போலீஸ் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதைப் போட்டால் போதும். ரெஜிஸ்டர் வேலைக்கு வாரக்கணக்கில் ஆள் ஒதுக்க வேண்டும், கடைசியில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். அதற்குச் சம்பளம் கொடுக்க எல்லா முதலாளியும் தயாராக இல்லை. அதனால்தான் ஆர்டிஐ போடுகிற ஊர்க்காரர்கள் எனக்கு அவ்வளவு முக்கியம். எண்ணூர் வரைபடம் பத்திரிகை ஆபீஸில் பிறக்கவில்லை, ஆற்றைக் காப்பாற்றப் போராடியவர்கள் கேட்டு வாங்கியது. நாங்கள் பின்னால் போனோம்.

மணலி டீச்சர்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஒரு நாற்றம் வரும். கண் எரியும், என் வகுப்புப் பிள்ளைகள் காலையில் இருமிக்கொண்டே வருவார்கள். புகார் கொடுத்தால் மறுநாள் பகலில் யாரோ வந்து பார்த்து 'அளவுக்குள் இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எந்த ஆலை என்று எனக்குத் தெரியாது, யார் மேலும் குற்றம் சொல்லவும் இல்லை. எங்களுக்கு இரண்டு காகிதம் எது? யாராவது சொல்லுங்கள்.

ராயபுரம் நிருபர்:

டீச்சர், உங்களுக்கு மூன்று இருக்கிறது.

முதலாவது உங்கள் கையில்தான். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன வாடை, அழுகின முட்டையா, கேஸா, பிளாஸ்டிக் எரிகிறதா. நாலு தெருவில் நாலு பேர் தனித்தனியாக எழுதட்டும், ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்க வேண்டாம். அப்போதுதான் சேர்த்து வைக்கும்போது அதற்குப் பலம்.

இரண்டாவது, மணலியில் தொடர்ந்து காற்றை அளக்கிற நிலையங்களின் பதிவு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் மணிக்கு மணி பார்க்கலாம். பகலில் வந்தவர் அளவுக்குள் இருக்கிறது என்றால் ராத்திரி பதினோரு மணிக்கு என்ன என்று அதில் பாருங்கள். அந்த நேரத்தில் பதிவே இல்லாமல் கட்டம் காலியாக இருந்தால் அதையும் குறித்து வையுங்கள், அதுவும் கேள்விதான்.

மூன்றாவது, பெரிய ஆலைகளின் புகைபோக்கியில் பொருத்தியிருக்கும் கருவிகள் தொடர்ந்து மாநில வாரியத்துக்கு அனுப்பும் பதிவு. அதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று வக்கீல் சார் சொல்வார்.

தண்டையார்பேட்டை வக்கீல்:

மேடம், 'ஏன் நாற்றம் வருகிறது' என்று ஆர்டிஐயில் கேட்காதீர்கள். காரணம் கேட்டால் பதில் வராது, இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உங்கள் பகுதிக்குரிய மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வந்த புகார்களின் பதிவேட்டு நகல். அந்தப் புகார்களுக்காக நடந்த ஆய்வு அறிக்கைகள், ஆய்வு நடந்த நேரத்தோடு. சம்பந்தப்பட்ட ஆலைகளை நடத்த வாரியம் கொடுத்த இசைவாணை நகல். அதே நாட்களின் ராத்திரி 10 முதல் காலை 6 வரை புகைபோக்கிப் பதிவு. கூடவே 2(ஜே) பிரிவின்படி கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். நகலில் விட்டுப்போவது சில சமயம் கோப்பின் ஓரக் குறிப்பில் இருக்கும்.

30 நாளில் பதில் வர வேண்டும். தனிநபர் விவரம் இருக்கிறது என்று மொத்தமாக மறுத்தால் 10-ம் பிரிவைக் காட்டுங்கள். பெயரை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழியாக, தனிநபர் விவரத்தை மறுக்க இடம் தரும் 8(1)(ஜே) பிரிவை மாற்றிய பிறகு இந்த மறுப்பு அதிகமாக வரும் என்பது என் பயம். பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிற 8(2) இன்னும் இருக்கிறது, அதையும் மேல்முறையீட்டில் எழுதுங்கள். முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு. அதற்கும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பழைய ரெஜிஸ்டர்:

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள் அம்மா. தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கிற மாதிரி போடுங்கள். 30 நாள் என்பது அவர்கள் கைக்குப் போன தேதியிலிருந்து. புகார்ப் பதிவேட்டில் உங்கள் பழைய புகார்களுக்கு எண் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் இல்லாத புகார் ஆபீஸைப் பொறுத்தவரை வராத புகார்.

மணலி டீச்சர்:

நன்றி. இன்று ராத்திரியிலிருந்து நோட்டு ஆரம்பிக்கிறேன். பக்கத்துத் தெரு இரண்டு அம்மாக்களிடம் பேசிவிட்டேன். மனுவை எழுதி இங்கேயே போடுகிறேன், வக்கீல் சார் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.

காசிமேடு பையன்:

டீச்சர், நானும் வருகிறேன். என் வகுப்பில் மூன்று பேர் இருக்கிறோம். மணிக்கு மணி காற்றுப் பதிவை இறக்கி ஒரு அட்டவணையில் போட்டு, உங்கள் நான்கு நோட்டுகளோடு நேரம் பொருத்துகிற வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். நிருபர் அண்ணே, பெயர் பொருத்துவதில் பெரியவர் சொன்ன எச்சரிக்கை மாதிரி, நேரம் பொருத்துவதில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ராயபுரம் நிருபர்:

வாடை வந்த நேரத்தை மட்டும் எடுக்காதே தம்பி. வாடை வராத ராத்திரிகளையும் டீச்சரை எழுதச் சொல். இரண்டு வகை ராத்திரியிலும் அளவு ஒரே மாதிரி இருந்தால் அந்த நிலையம் உங்களுக்கு உதவாது, காற்று அந்தப் பக்கம் போகவில்லை என்று அர்த்தமாகலாம். வித்தியாசம் தெரிந்தால், எந்த நாள், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டு அதே மணிக்கான புகைபோக்கிப் பதிவைத் தனி மனுவில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்குப் போன் பண்ணு.